சூடாகாத சுண்ணாம்பு

ரிஞ்சு அந்தப் பொய்யைச் சொன்னபோது பீக்கர் அவள் கையில்தான் இருந்தது. கண்ணாடி சில்லென்றிருந்தது. "சூடாச்சு சார்" என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால்கூட மனசு இவ்வளவு அரித்திருக்காது என்று இப்போதும் நினைக்கிறாள். யாரும் கேட்காமலே இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னாள்.

அது ஒன்பதாம் வகுப்பில் நடந்தது. இப்போது அவள் பிளஸ் டூ முடித்துவிட்டு, கேரளத்துப் பூப்பாறையிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் சுற்றுலாக்காரர்களுக்கு ஏலமும் மிளகும் விற்கும் கடையில் நிற்கிறாள். பிறந்தது அதே சாலையில் இன்னும் கொஞ்சம் மேலே, ஏலத்தோட்டத்து லயத்தில். லயம் என்றால் ஒரே கூரையின் கீழே வரிசையாக ஆறு வீடு. அப்பா இன்னாசிராஜ் தோட்டத்து ஜீப் ஓட்டுகிறார். அம்மா கத்தரீனாள் காய் எடுக்கப் போகிறாள். அதே வரிசையின் கடைசி வீடு பெரியமுத்துவுடையது. அவர் மகன் லோகேஷ். ஒன்றாம் வகுப்பிலிருந்து ரிஞ்சுவும் லோகேஷும் ஒரே ஜீப்பில் ஏறி, ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

படித்தது தமிழ் வழிப் பள்ளியில். ஒன்பதாம் வகுப்பில் மொத்தம் பத்தொன்பது பேர். அந்த வருஷம் வேதியியல் எடுக்க வந்தவர் சித்ரா டீச்சர். பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்க்காரர். கோயம்புத்தூர்த் தமிழ் பேசுவார். முதல் நாள் அவர் "ஏனுங் கண்ணு, பேரென்னங்?" என்று கேட்டதும் வகுப்பே சிரித்துவிட்டது. டீச்சரும் சேர்ந்து சிரித்தார். தினக்கூலிக்கு வந்த டீச்சர் என்பது எல்லாருக்கும் தெரியும். வேலைக்கு வந்த நாளுக்குத்தான் சம்பளம். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் அடுத்த ஜூனில் அந்த வேலையே இருக்காது.

பழைய ஸ்டோர் ரூம்தான் லேப். ஒரு அலமாரி, நான்கு மேசை, தண்ணீர் வராத ஒரு குழாய். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் லேப் பீரியட். மூன்று நாற்பதுக்கு இன்னாசிராஜ் ஜீப்பை எடுத்துவிடுவார். பிள்ளைகளை இறக்கிவிட்டு, தோட்டத்திலிருந்து காய் மூட்டை ஏற்ற வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் ஹாரன் அடிப்பார். ஜீப்பை விட்டால் யானை நடமாடும் காட்டுப் பாதையில் ஐந்து கிலோமீட்டர் நடை.

அதனால் அந்த லேப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதன்கிழமையே டீச்சர் போர்டில் மூன்று கட்டம் போடுவார். செய்தது, கண்டது, முடிவு.

"கண்ணுகளா, வெள்ளிக்கெழம எழுதறக்கு நேரம் பத்தாதல்லோ? இன்னைக்கே மூணையும் எழுதி வெச்சரலாம்."

எழுதி வைத்துவிடுவார்கள். கண்ணால் காண்பதற்கு இரண்டு நாள் முன்பே, கண்டது என்ன என்று பத்தொன்பது நோட்டிலும் ஏறியிருக்கும். வெள்ளிக்கிழமை அதைச் செய்து பார்த்து, பக்கத்தில் ஒரு டிக் போட்டால் போதும். ரிஞ்சுவின் நோட்டில்தான் கோடு நேராக இருக்கும். அவள்தான் வகுப்பில் முதல்.

அந்த வருஷம் ஓண விடுமுறைக்கு முந்தின வாரம் மேலிடத்திலிருந்து ஒரு குழு வருவதாகச் சொன்னார்கள். தமிழ் வழியில் அறிவியல் எப்படி நடக்கிறது என்று பார்ப்பார்களாம். ஸ்டாப் ரூமில் என்னென்னவோ பேச்சு. வருகிறவர்கள் மோசமாக எழுதிக் கொடுத்துவிட்டால் தமிழ் டிவிஷனையே எடுத்துவிடுவார்கள் என்று பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது.  இரண்டு நாளாக மத்தியானம் சித்ரா டீச்சர் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடி வைப்பதை ரிஞ்சு பார்த்தாள்.

பாடம், வேதிவினை நடந்ததற்கான அடையாளங்கள். நிறம் மாறும், குமிழி வரும், கலங்கி அடியில் படியும், சூடாகும் அல்லது குளிரும். மேசைக்கு ஓர் அடையாளம். முதல் மேசையில் மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணி. இரண்டாவதில் அமிலத்தில் துத்தநாகத் துண்டு. மூன்றாவதில் இரண்டு தெளிந்த கரைசலை ஊற்றினால் பால்போலக் கலங்கும். நான்காவது மேசையில் ரிஞ்சுவும் லோகேஷும் இன்னும் மூன்று பேரும். அவர்களுக்குச் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்து பாத்திரம் சூடாகும். புதன்கிழமை போர்டிலிருந்து எழுதியதும் அதுதான்.

சுண்ணாம்பை ஜூன் மாதமே டீச்சர் வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். பிளாஸ்டிக் டப்பா. லோகேஷ்தான் எடுத்து வந்தான். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது.

"ஏ ரிஞ்சு, இங்க பாரு. வாங்கும்போது கல்லு கல்லா இருந்துச்சு. மாவாப் போச்சு."

"அதனால என்ன? ஊத்து."

"நீறிப் போச்சுன்னு நெனைக்கேன். டீச்சர்ட்டச் சொல்லவா?"

"சும்மா இருடா. அவுக வந்துட்டாக."

வந்துவிட்டார்கள். மூன்று பேர். முன்னால் வந்தவர் உயரமான ஒரு சார், மலையாளம் கலந்த தமிழ். ரிஞ்சு பீக்கரைப் பிடித்துக்கொண்டாள், லோகேஷ் தண்ணீர் ஊற்றினான். மாவு நனைந்தது. வெள்ளையாகக் கலங்கியது. அவ்வளவுதான். சத்தம் இல்லை. ரிஞ்சு இரண்டு கையாலும் பொத்திப் பார்த்தாள். வெளியே மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்ற நாள் அது. ஊற்றின தண்ணீரின் குளிர்ச்சிதான் கையில் ஏறியது. லோகேஷும் தொட்டுப் பார்த்தான். பிறகு நோட்டை எடுத்து, புதன்கிழமை எழுதியதை ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே எழுதினான்.

"எந்தா மோனே அடிச்சு எழுதுற? படி, கேக்கட்டே" என்றார் சார்.

லோகேஷ் எழுந்து நின்று படித்தான். "பாத்திரம் சூடாகவில்லை. சத்தம் வரவில்லை."

முதல் மேசைப் பையன்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சார் மற்ற நான்கு நோட்டையும் புரட்டினார். நான்கிலும் சூடாகிறது, நான்கிலும் டிக். "ஒரே பாத்திரம். நாலு பேருக்குச் சூடு, ஒருத்தனுக்குத் தணுப்பா?" என்று கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ரிஞ்சுவைப் பார்த்தார். "மோள் சொல்லு. சூடாச்சா இல்லியா?"

பீக்கரை அவரே தொட்டிருக்கலாம். கை எட்டும் தூரம்தான். தொடவில்லை.

அவருக்குப் பின்னால் சித்ரா டீச்சர் சாக்பீஸை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்துக்கொண்டேதான் ரிஞ்சு சொன்னாள்.

"சூடாச்சு சார். இவன் லேட்டாத் தொட்டான்."

அந்த இரண்டாவது வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அது அவ்வளவு பொருத்தமாக இருந்தது. சார் தலையாட்டினார். "ஆங், அதுதான். சயன்ஸ்ல நேரம் முக்கியம்." அடுத்த மேசைக்குப் போய்விட்டார். லோகேஷ் நின்றுகொண்டே இருந்தான். அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. கூட்டலில் எங்கே தப்பு விட்டோம் என்று தேடுகிறவன்போலப் பார்த்தான்.

குழு போன பிறகு தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்விட்டு வந்த டீச்சரின் முகம் சிவந்திருந்தது. "ஏண்டா லோகேசு, எம்பட பொழப்புல மண்ணப் போடோணும்னே எந்திரிச்சு நின்னயா? வந்தவங்க முன்னால பொய் பேசறயா?"

"பொய் இல்ல டீச்சர். தொட்டுப் பாருங்க."

"நாலு பேரு பொய்யி, நீ மட்டும் அரிச்சந்திரனா? திங்கக்கெழம உங்கப்பனக் கூட்டீட்டு வந்தாத்தான் கிளாசு."

பீக்கர் அதற்குள் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. கழுவியது ரிஞ்சுதான். ஜீப் ஹாரன் அடித்தது.

திங்கள்கிழமை பெரியமுத்து வந்தார். தோட்டத்தில் மருந்து கலக்கி அடிக்கிற வேலை அவருக்கு. நகக்கண்ணெல்லாம் மயில்துத்த நீலம். வராந்தாவில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். தலைமை ஆசிரியர், "பெரிய சார்மார் வந்த எடத்துல உங்க மகன் பொய் சொல்லிட்டான்" என்றார். என்ன பொய் என்று பெரியமுத்து கேட்கவில்லை. அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு விட்டால் போக வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், பிள்ளையை ஒன்று போட வேண்டும். பெரியமுத்து போட்டார், இரண்டு. "மன்னிச்சிருங்க டீச்சர். இனிமே வாயத் திறக்க மாட்டான்." அடித்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஜன்னல் வழியே லோகேஷ் ரிஞ்சுவைத் தேடினான். அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாளாவது சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். டீச்சருக்கு வேலை போய்விடுமோ என்பது ஒரு பயம். வகுப்பில் முதலாக வரும் பிள்ளை பொய் சொன்னாள் என்று ஆகிவிடுமே என்பது இன்னொரு பயம். எது பெரிய பயம் என்று அன்றைக்கு அவளைக் கேட்டிருந்தால் முதலாவதைத்தான் சொல்லியிருப்பாள். இரண்டாவதுதான் பெரிது. அது இப்போதுதான் தெரிகிறது.

லோகேஷ் மூன்று நாள் வந்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். போர்டில் இருப்பதை அப்படியே எழுதினான். ஓண விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவன் இல்லை. போடிநாயக்கனூரில் தாய்மாமன் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடையில் வேலை பார்க்கிறார், அங்கே போய்விட்டான் என்றார்கள். சித்ரா டீச்சர் இரண்டு தடவை லயத்துக்கு நடந்தே வந்தார். "பையன அனுப்பி வையுங்கண்ணா. ஏதோ கோவத்துல பேசீட்டனுங்க" என்று அவர் கெஞ்சினதை ரிஞ்சு தன் வீட்டு வாசலிலிருந்து கேட்டாள். பெரியமுத்து, "பொய் சொல்றவனுக்குப் படிப்பு எதுக்கு டீச்சர்? மூட்ட தூக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். டீச்சர் திரும்பிப் போகும்போது ரிஞ்சுவைப் பார்த்து, "நல்லாப் படி கண்ணு" என்றார்.

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க மாதா கோயில் முற்றத்தில் சுண்ணாம்புக் கல்லை டிரம்மில் கொட்டினார்கள். கத்தரீனாள் குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். டிரம் உறுமியது. ஆவி ஆள் உயரத்துக்கு எழுந்தது. "தள்ளி நில்லுடி, கண்ணுல தெறிச்சா பார்வ போயிரும்!" ரிஞ்சு தள்ளி நின்றாலும் சூடு முகத்தில் அடித்தது. மிச்சக் கல் சாக்கோடு கோயில் திண்டுக்குப் பின்னால் கிடந்தது. ஈஸ்டருக்குப் பெருக்கப் போனபோது சாக்கு வெடித்து, உள்ளே எல்லாம் மாவு. பனியை இழுத்து இழுத்து, யாரும் பார்க்காதபோது அதுவாகவே வெந்து தீர்ந்துபோயிருந்தது. அந்த டப்பாவிலும் இதுதான் நடந்தது என்று அப்போது விளங்கியது. வினை நடந்ததற்கு அடையாளம் இருந்தது. கல் மாவானது, மூடி தூக்கியது. அதைக் கண்டவன் ஒருத்தன்தான். துடைப்பத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் மாதம் தலை எண்ணினபோது தமிழ் டிவிஷனுக்கு மூன்று பிள்ளைகள் குறைந்தார்கள். சித்ரா டீச்சர் சித்தூருக்கே போய்விட்டார். யாருக்காகப் பொய் சொன்னாளோ அவருக்கும் அது உதவவில்லை.

பிளஸ் டூவில் ரிஞ்சு சயன்ஸ்தான் எடுத்தாள். லேப்பில் ரீடிங் எழுதும்போது கை நின்றுவிடும். பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்ப்பாள், தன் குழாயைப் பார்ப்பாள். நேரம் போய்விடும். மார்க் சுமாராகத்தான் வந்தது. பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள், கேட்ட இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கடைக்கு வந்தாள். மலையாளியான கடைக்காரர் சதீஷுக்கு அவள்மேல் பெரிய மதிப்பு. "மத்தவங்க ஏலக்கான்னு சொல்வாங்க. ரிஞ்சு, இது காலையில பறிச்சதுன்னு சொல்லும். கஸ்டமர் உடனே பர்ஸ எடுக்கும்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். அவர் அப்படிச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அவள் அலமாரியைத் துடைக்கப் போய்விடுவாள்.

போன மாதம் போடியிலிருந்து சரக்கு வந்த பிக்கப்பிலிருந்து ஒருவன் குதித்தான். மீசை வைத்திருந்தான். குரலில்தான் அடையாளம் தெரிந்தது.

"என்ன கெமிஸ்ட்ரி மேடம், கிராம்பு விக்கிறீங்க?"

லோகேஷ் சிரித்தான். அவன் லயத்துக்கு வருகிற நாட்களில் அவள் வாசலுக்கே வராமல் இருந்துவிடுவாள், இத்தனை வருஷத்தில் நேருக்கு நேர் பார்த்ததில்லை. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டை இறக்கி முடியும்வரை காத்திருந்து, கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே வைத்துச் சொன்னாள். நான்கு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை.

"லோகேஷு, அன்னைக்கு அது சூடாகல. நான் பொய் சொன்னேன்."

அவன் முகத்தைக் கழுவிக்கொண்டே கேட்டான். "இத எனக்குச் சொல்றியா? நானும்தான தொட்டேன்? எனக்குத் தெரியாதா?"

"மன்னிச்சிரு."

"அட விடு, சின்னப் புள்ளைக." சட்டை நுனியில் முகத்தைத் துடைத்தான். "எனக்கு மாமா கடை ஒண்ணும் மோசம் இல்ல. வேல தெரிஞ்சிருச்சு. எங்க அய்யாதான் நம்ப மாட்டேங்கிறாரு. மாசம் ஒருக்க வீட்டுக்கு வாரேன். நான் என்ன சொன்னாலும் அவருக்கு அம்மா ஒருக்கச் சொல்லணும். சம்பளம் இவ்வளவுன்னு சொன்னா மாமாவுக்குப் போன் போட்டு நெசமான்னு கேக்கிறாரு. அவருட்டச் சொல்லு. எங்கிட்ட எதுக்கு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் லயத்தின் கடைசி வீட்டுக்குப் போனாள். இத்தனை வருஷமும் இருபது எட்டுத் தூரம்தான். பெரியமுத்து வாசலில் குந்தி, மருந்தடிக்கும் பம்பின் மூக்கைக் கழற்றி ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்.

"வா தாயி. அம்மா எதும் கேட்டுவிட்டாளா?"

"இல்ல மாமா. லோகேஷு விஷயம்."

ஊசி நின்றது. அவள் சொன்னாள். பீக்கர், குழு, தான் சொன்ன இரண்டு வாக்கியம் எல்லாவற்றையும் சொன்னாள்.  முடிந்ததும் அவர் கேட்டது அவள் எதிர்பார்த்த கேள்வி அல்ல.

"சுண்ணாம்பா? சுண்ணாம்பு சமாச்சாரமா அது?"

"ஆமா மாமா."

"எப்ப வாங்கின கல்லு?"

"ஜூன்ல. நடந்தது ஓணத்துக்கு முன்னால."

"மழ முழுக்க டப்பால கெடந்திருக்கு. மூடி?"

"தூக்கிட்டு இருந்துச்சு. உள்ள மாவா இருந்துச்சு."

பெரியமுத்து பம்பின் மூக்கைக் கீழே வைத்தார். "நீறின சுண்ணாம்பு எப்புடிச் சுடும்? இருபத்தேழு வருசமா துத்தமும் சுண்ணாம்பும் கலக்குறேன். ஆடியில ஒரு சாக்கு கல்லு உள்ள வந்தா ஒரே வாரத்துல மாவு. அத நான் டிரம்முலயே போட மாட்டேன். அவனும் எங்கூட வந்து கலக்குவான். அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்." குரல் இறங்கியது. "என்ன பொய்யின்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா அங்கனயே சொல்லியிருப்பேனே. எச்.எம். சார்ட்ட, டீச்சர்ட்ட. எம் மகன் சொன்னது சரின்னு நானே சொல்லியிருப்பேனே."

"தப்பு எம்மேலதான் மாமா."

"நீ பச்சப் புள்ள. நான் கேக்கல." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நீ பாரத்தக் கொண்டுவந்து எறக்கிட்ட தாயி. எனக்கு இப்பத்தான் ஏறுது."

அவர் அவளைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் அவளும் அழுதுவிட்டு வந்திருப்பாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பம்பின் மூக்கும் ஊசியும் வாசலிலேயே கிடந்தன. யாராவது மிதித்துவிடப் போகிறார்களே என்று இரண்டையும் எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு நடந்தாள்.

இரண்டு வாரம் கழித்து பிக்கப் வந்தது. லோகேஷ் மூட்டையைத் தோளில் வாங்கும்போதே அவள் போய் நின்றாள்.

"அய்யா எதும் சொன்னாரா?"

"போன் பண்ணாரு. அவரு எனக்குப் பண்ணவே மாட்டாரு. அன்னைக்கு அவராப் பண்ணாரு. சாப்பிட்டியான்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"சாப்பிட்டேன்னேன். அப்புறம் ஒண்ணும் பேசல. வைக்கவும் இல்ல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. நானும் வைக்கல." தோளை மாற்றிப் பிடித்தான். "பாதியில மாமா கூப்பிட்டுட்டாரு, கட் பண்ணிட்டேன். கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். சரி, வழியில நிக்காத, மூட்ட கனக்குது."

ரிஞ்சு நகர்ந்து வழிவிட்டாள்.